முப்பது பேருக்கு மட்டும்

"வகுப்பறையில் பயன்படுத்தப்படும் இலவச இணையக் கருவி எதுவாயினும், பயன்படுத்தும் நாளுக்குப் பதினான்கு வேலை நாள்களுக்கு முன்னதாக மூன்று பிரதிகளில் விண்ணப்பம் அனுப்பப்பட வேண்டும். எழுத்து மூலமான பதில் கிடைத்த பின்னரே அக்கருவியைப் பயன்படுத்தலாம்."

விதி இதுதான். இதை எழுதியது நான் இல்லை. ஆனால் எங்கள் பள்ளிச் சுவரில் இதை ஒட்டியது, ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு முறை வாசித்தது, வாசித்ததைக் கேட்டோம் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தது, எல்லாம் நான்தான். பிறகு அதை மீறியதும் நான்தான். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் ஒரே ஒரு முறை.

('அகப்பட்டது ஒரு முறைன்னு எழுது' என்கிறார் என் கணவர். அவர் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கதையில் அவரும் ஒரு குற்றவாளி.)

ஜொகூரில் லாயாங் லாயாங் என்ற சிற்றூரிலிருந்து, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ளே போகும் சாலையில் எங்கள் தமிழ்ப்பள்ளி இருந்தது, இன்னும் இருக்கிறது. எழுபத்தொரு குடும்பத்துப் பிள்ளைகள் படித்தார்கள். நான் அங்கே துணைத் தலைமையாசிரியர். நான்காம் ஆண்டு வகுப்புக்குக் கணிதமும் நான்தான். அலமாரியில் எந்தச் சுற்றறிக்கை எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மற்ற ஆசிரியர்கள் விடுப்பு எடுப்பதற்கு முன்னால் தலைமையாசிரியரைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு இதில் பெருமைதான். இப்போதும் பெருமைதான். அதனால்தான் நடந்ததைச் சொல்லும்போது கூச்சம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஓராண்டும் சில மாதங்களும் இருந்தபோது, மேலிடத்திலிருந்து எங்களுக்கு ஒன்பது மடிக்கணினிகள் வந்தன. சொந்தமாக இல்லை, ஒரு பள்ளித் தவணைக்கு, அதாவது சில மாதங்களுக்கு, இரவலாக. தவணை முடிவில் ஓர் அதிகாரி வந்து ஒரு பாடத்தைப் பார்வையிடுவார். திருப்தி என்றால் கணினிகள் எங்களுக்கே. திருப்தி இல்லை என்றால் நகரத்தில் உள்ள ஒரு பெரிய பள்ளிக்குப் போய்விடும். கணினிகளைத் திருப்பி அனுப்பும் படிவத்தையும் முன்கூட்டியே பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். (நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை.)

நகரத்துப் பள்ளிக்கு ஒன்பது கணினி வந்தால் அது ஏற்கெனவே இருக்கும் முப்பதோடு இன்னும் ஒன்பது. எங்களுக்கு அப்படி இல்லை. எங்கள் பிள்ளைகள் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு நல்ல கைப்பேசி. அதுவும் விடியற்காலையில் அப்பாவோடு எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்குத் தொழிற்சாலைப் பஸ் ஏறிவிடும். நான்காம் ஆண்டில் பதினெட்டுப் பிள்ளைகள். இருவருக்கு ஒரு கணினி என்று பிரித்துக் கொடுத்தேன். திவ்யா என்று ஒரு பிள்ளை. வாயே திறக்காது. கேள்வி கேட்டால் மேசையைப் பார்க்கும். அந்தப் பிள்ளை கணினியை அலமாரியிலிருந்து தன் இடத்துக்குக் கொண்டுபோகும் அழகைப் பார்க்க வேண்டும், தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதுபோல. அதைப் பார்த்த முதல் வாரமே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஒன்பதும் இங்கிருந்து நகரக்கூடாது.

ஆனால் கணினியில் எதைக் காட்டிப் பாடம் நடத்துவது? பள்ளியில் மென்பொருள் கிடையாது. இருந்தது இணையம் மட்டும். அதுவும் தலைமையாசிரியர் மரியதாஸ் சாரின் கைப்பேசியிலிருந்து வரும் இணையம். மூன்றாவது சன்னல் கம்பியில் தொங்கவிட்டால் மட்டுமே அலை கிடைக்கும் என்பதால், அவர் கைப்பேசி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கம்பியில் கட்டித் தொங்கும். 'தண்ணிப் பாம்பு புடிச்சி வச்ச மாதிரி இருக்கு' என்பார் அவர். நல்ல மனிதர். எதற்கும் பதற்றப்பட மாட்டார், என்னைப் பார்த்தால் தவிர.

இப்படித்தான் ஐம்பத்தெட்டு வயதில் நான் இலவச இணையக் கருவிகளின் உலகத்துக்குள் காலடி எடுத்து வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், மயங்கிப் போனேன். எத்தனை ஆண்டுகள் கடிகாரம் சொல்லிக்கொடுக்க மணிலா அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் பின் குத்தி, முள் கழன்று விழுந்து, பொறுக்கி, மறுபடி குத்தி! இங்கே ஒரு தளத்தில் கடிகாரம் திரையிலேயே ஓடுகிறது. முள்ளை இழுத்தால் பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேர முறையில் எண் மாறுகிறது. யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ உட்கார்ந்து செய்து, காசு கேட்காமல் வைத்திருக்கிறான். ஒரே குறை, கடிகாரத்துக்கு வலப்பக்கம் இடுப்பு மெலிய வைக்கும் தேநீர் விளம்பரம் வரும். நான் அளவெடுத்து மணிலா அட்டை வெட்டித் திரையின் வலப்பக்கம் ஒட்டினேன். மறுநாள் விளம்பரம் இடப்பக்கம் வந்தது. (விதிகளை மதிக்காத உலகம்.)

அடுத்து நான் கண்டுபிடித்தது ஒரு புதிர்ப்போட்டித் தளம். ஆசிரியர் ஓர் அறையைத் திறக்கலாம். அறைக்கு ஆறு இலக்கத்தில் ஓர் எண் கொடுப்பார்கள், அது மாறாது. எண்ணைத் தட்டினால் யாரும் உள்ளே வந்து, பெயரைப் போட்டுவிட்டு, தன் வேகத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். யார் எத்தனை சரி என்று பெரிய திரையில் வரிசையாகப் பெயர்கள் ஏறி இறங்கும். பிள்ளைகள் இதற்கு உயிரைக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இலவசக் கணக்கில் ஓர் அறைக்கு முப்பது பேருக்கு மட்டும் இடம்.

அந்தத் தளத்தின் விதிமுறைகள் முழுவதையும் படித்துவிட்டு 'சம்மதம்' என்று அழுத்திய ஒரே மனித உயிர் நானாகத்தான் இருக்க வேண்டும். அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் போட்டு, 'முப்பது' என்ற சொல்லுக்குச் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டேன். ஒன்பது கணினி எங்கே, முப்பது எங்கே! அதிகாரியும் விளையாட ஆசைப்பட்டால் அவருக்கும் இடம் இருக்கிறது என்று சாரிடம் பெருமையாகச் சொன்னேன்.

விண்ணப்பம் மூன்று பிரதிகளில் போனது, பதினான்கு இல்லை, இருபத்தோரு வேலை நாள்களுக்கு முன்பே. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பதில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், 'கோப்பு மேசையில இருக்கு' என்றார்கள். யார் மேசை என்று சொல்லவில்லை. பார்வையிடும் நாள் மட்டும் தவறாமல் நெருங்கி வந்தது.

"பதில் வரலன்னா வேற பாடம் எடுங்களேன் டீச்சர். மணிலா அட்டை இருக்குல்ல?" என்றார் சார்.

"மணிலா அட்டையக் காட்டித்தான் கம்ப்யூட்டர வாங்கப் போறோமா சார்?"

"அப்ப பதில் இல்லாமயே...?" அவர் சுவரைப் பார்த்தார். நான் ஒட்டிய விதி அங்கே இருந்தது.

"பொறுப்பு என்னுதுன்னு எழுதிக் கொடுத்துடுறேன் சார்."

எழுதிக் கொடுத்தேன். மூன்று பிரதி.

ஒரு விதியை மீறினால் மற்ற விதிகளை இரட்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் அன்றைய தத்துவம். குடிகாரன் கோவிலுக்கு அதிகமாக நன்கொடை கொடுப்பது மாதிரி. இணைய நடவடிக்கை எதுவானாலும் பள்ளியின் அனைத்துப் பெற்றோருக்கும் முன்கூட்டியே கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அதற்குத் தனிப் படிவம். நடவடிக்கையின் பெயர், நாள், நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம்: 'அணுகல் விவரங்கள்'. கட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. நிரப்பினேன். தளத்தின் முகவரி, அறை எண் ஆறு இலக்கம், நேரம் காலை மணி 1000. அழகான கையெழுத்தில்.

கடிதத்தின் கடைசி வரி எப்போதும் உள்ளதுதான்: 'தங்களின் முழு ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்.' முப்பத்து நான்கு ஆண்டுகளாக இந்த வரியை எழுதி வருகிறேன். பள்ளியைச் சுத்தம் செய்ய வாருங்கள் என்று எழுதினால் நாலு பேரும் ஒரு நாயும் வரும். பெற்றோர் கூட்டம் என்றால் நாய் வராது. ஆகவே அந்த வரிக்கு அர்த்தம் இருக்கிறது என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன். எழுபத்தொரு குடும்பங்களுக்கும் கடிதம் போனது. போதாதென்று பெற்றோர் புலனக் குழுவிலும் (வாட்ஸ்அப் என்றால்தான் அவர்களுக்குப் புரியும்) படம் எடுத்துப் போட்டேன்.

அந்த நாள் வந்தது. அதிகாரி புவான் ரொஹானா ஒல்லியான மலாய்ப் பெண்மணி. ('புவான்' என்றால் மலாயில் திருமதி.) சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கடைசி வரிசையில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து மடியில் படிவத்தை வைத்துக்கொண்டார். அதற்குக் கீழே இன்னொரு தாள் தெரிந்தது. கணினிகளைத் திருப்பி அனுப்பும் படிவம். அதன் நிறம்கூட எனக்கு மனப்பாடம்.

ஒன்பது ஐம்பதுக்குத் தொடங்கினேன். கடிகாரம் ஓடியது. விளம்பரம் வரவில்லை. பிள்ளைகள் கை தூக்கினார்கள். இப்படி ஒரு பாடத்தை நான் நடத்தியதே இல்லை என்று எனக்கே தோன்றியது. சரியாகப் பத்து மணிக்கு, "கணினியைத் திறங்கள். அறை எண்ணைத் தட்டுங்கள்" என்று இலக்கணமாகச் சொன்னேன்.

தட்டினார்கள்.

"டீச்சர், போக மாட்டேங்குது."

"எண்ணைச் சரியாப் பாரும்மா."

"சரியாத்தான் டீச்சர் போட்டேன். என்னமோ சொல்லுது. அறை நிரம்பிவிட்டது, பின்னர் முயலவும்னு."

இன்னொரு மூலையிலிருந்து, "டீச்சர், எனக்கும் நிரம்பிருச்சி!" என்றது ஒரு குரல். ஒன்பது கணினிகளிலும் அதே வாசகம். உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லை. அறை மட்டும் நிரம்பிவிட்டது. இது எப்படி என்று நான் திரும்பிப் பெரிய திரையைப் பார்த்தேன்.

முப்பது பெயர்கள். மேலிருந்து கீழாக. 'திவ்யா அப்பா' முதலிடத்தில், ஏற்கெனவே மூன்று கேள்வி சரி. அடுத்து 'கேண்டீன் அக்கா'. 'ஜொகூர் புலி'. 'முகேஷ் மம்மி'. 'ரவி ஃபோர்க்லிஃப்ட்'. 'முன்னாள் மாணவன் 1998'. 'சாப்பிட்டாச்சா'. (இது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் கோப்பில் குறித்து வைப்பேன்.) ஒவ்வொரு பெயரும் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே திருவிழா.

"எங்கப்பா! எங்கப்பா உள்ள இருக்காரு டீச்சர்!"

"எங்கம்மாவும்! அலமாக், தப்பாப் போட்டுட்டாங்க! பதினேழு மணின்னா அஞ்சு மணிம்மா, ஏழு மணி இல்லம்மா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான் முகேஷ், அம்மாவுக்குக் கேட்கும் என்பதுபோல.

"அப்பாவ வெளிய வரச் சொல்லு" என்றேன் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம். பதற்றத்தில் மனிதர்கள் எப்படியெல்லாம் பேசுவார்கள் என்பதற்கு இது உதாரணம்.

"எப்படி டீச்சர்? அவரு சிங்கப்பூர்ல இருக்காரு."

உள்ளே இருப்பவரை வெளியேற்ற அந்தத் தளத்தில் வழி இருக்கும். கட்டணக் கணக்கில் நிச்சயம் இருக்கும். இலவசக் கணக்கில் இருந்ததா என்று நான் சிவப்பு மையால் அடிக்கோடு இடவில்லை. வாசலில் நின்ற சாரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னா டீச்சர் இது? யாரு இவங்கள்லாம்?"

"நம்ம பேரண்ட்ஸ் சார். ஒத்துழைக்கிறாங்க."

"எல்லாருமா? இன்னைக்கா?"

"குழுவுல உடனே போடுங்க சார். தயவுசெய்து யாரும் விளையாட வேண்டாம், பிள்ளைகளுக்கு இடம் இல்லன்னு."

அவர் சன்னல் கம்பியில் இருந்த பையை அவிழ்க்கப் போனார். அவிழ்த்தால் இணையம் போய்விடும். ஆகவே பைக்குள் கையை விட்டு, நின்ற வாக்கிலேயே, பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தட்டச்சு செய்தார். அனுப்பினார். ஒரு நிமிடம் ஆனது. திரையில் ஐந்தாறு பெயர்கள் மறைந்தன. நிம்மதிப் பெருமூச்சு விட வாயைத் திறந்தேன். அதே இடத்தில் ஐந்தாறு புதிய பெயர்கள் வந்து உட்கார்ந்தன. கடிதத்தைப் படிக்காமலே மூலையில் போட்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் சாரின் செய்தி மூலம் விஷயம் தெரிந்திருக்கிறது. குழுவில் பதில்கள் வந்தபடி இருக்க, சன்னலில் அந்தப் பை டிங் டிங் என்று ஒலித்துக்கொண்டே ஆடியது.

"'எந்த நம்பர் சார், திரும்ப அனுப்புங்க'ன்னு கேக்குறாங்க டீச்சர்" என்றார் அவர், ஈனக்குரலில்.

புவான் ரொஹானா எழுந்து முன்னால் வந்தார். திரையைக் காட்டி, மலாயில், "சிக்கு, இவர்கள் எல்லாம் யார்?" என்று கேட்டார். (ஆசிரியரை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள்.) எனக்கு மலாய் நன்றாகவே வரும். மலாயிலேயே அரசாங்கக் கடிதங்கள் எழுதி வாழ்ந்தவள். அன்று எனக்கு வந்தது ஒரே ஒரு வாக்கியம்: "புவான், பெற்றோர்." அவர் தன் கையில் இருந்த இரண்டு தாள்களில் கீழே இருந்ததை மேலே எடுத்தார். அல்லது எடுத்ததுபோல் எனக்குத் தோன்றியது. ஒன்பது கணினிகளும் லாரியில் ஏறி நகரத்துக்குப் போவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது ஒரு சின்னக் குரல் கேட்டது.

"டீச்சர், இன்னும் நாலு நிமிஷந்தான்."

திவ்யா. மேசையைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பத்து பதினொன்று.

"என்னம்மா நாலு நிமிஷம்?"

"அப்பா ஃபேக்டரில டீ பிரேக்கு பத்து மணிக்கு. கால் மணி நேரந்தான் டீச்சர். பத்து பதினஞ்சுக்கு மணி அடிச்சா போன லாக்கர்ல வச்சிரணும். எங்கப்பா போயிருவாரு. அதே பஸ்ல போறவங்க எல்லாரும் போயிருவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆயிரத்துப் பதினஞ்சு கழிச்சல் ஆயிரத்துப் பதினொண்ணு. நாலு நிமிஷம்."

அந்தப் பிள்ளை அவ்வளவு சொற்களைச் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. அப்போதைக்கு எனக்கு வேறு வழியும் இல்லை. "எல்லாரும் திரையைப் பாருங்க. பத்து பதினைந்துக்கு எத்தனை பேர் போவார்கள் என்று கணக்குப் போடுங்க" என்றேன். ஏதோ திட்டமிட்ட பாடம் போலவே சொன்னேன். அந்த அளவுக்கு அனுபவம் இருந்தது. பிள்ளைகள் பெயர்களை எண்ணினார்கள். யார் அப்பா எந்தத் தொழிற்சாலை, யாருக்கு எப்போது இடைவேளை, யார் இரவு வேலை முடிந்து வீட்டில் இருக்கிறார் என்று வகுப்பே ஒரு போக்குவரத்து அலுவலகம் ஆனது. கேண்டீன் அக்கா போகமாட்டார் என்று ஒருமனதாக முடிவானது. முகேஷ் எட்டு என்றான். திவ்யா பன்னிரண்டு என்று எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

பத்து பதினைந்து. 'ரவி ஃபோர்க்லிஃப்ட்' மறைந்தது. 'ஜொகூர் புலி' மறைந்தது. அணில் வரிசையாக வேலி தாண்டுவதுபோல ஒவ்வொரு பெயராக மறைந்தது. கடைசியாக, பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டும் சரி என்ற நிலையில் 'திவ்யா அப்பா'வும் மறைந்தது. போனவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் பட்டியலின் அடியில் சாம்பல் நிறத்தில் நின்றன. போனவர்கள் பன்னிரண்டு பேர். திவ்யா தாளைத் திருப்பிக் காட்டினாள். வகுப்பு கைதட்டியது. விதிகளை மறந்து நானும் தட்டினேன்.

"இப்ப தட்டுங்க, சீக்கிரம்!" என்றேன். (இலக்கணம் போய்விட்டது.) எட்டுக் கணினிகள் உள்ளே போயின. ஒன்பதாவது போகவில்லை. காலியான மற்ற இடங்களில் சாரின் செய்தியைப் படித்தவர்கள் பாய்ந்துவிட்டார்கள். வெளியே நின்றது திவ்யாவின் கணினி.

நான் பட்டியலை ஓட்டிப் பார்த்தேன். யாரைக் கெஞ்சி வெளியேற்றலாம்? மேலிருந்து இரண்டாவது இடத்தில் ஒரு பெயர் இருந்தது. 'ஸ்டேஷன் மாஸ்டர்'.

என் கணவர் ரயில் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்விகளுக்கு ரயில் நேரம் எல்லாம் தேவைப்பட்டதால் முந்தைய வாரம் அவரிடம்தான் கேட்டு எழுதினேன். கடிதத்தின் ஒரு பிரதி வீட்டு மேசையில் இருந்தது. அதிகாரி முன்னிலையில், வகுப்பு நேரத்தில், நான் மூன்றாவது சன்னலருகே போய் வீட்டுக்குத் தொலைபேசி அடித்தேன். (இதுவும் ஒரு விதிமீறல். கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.)

"என்னாங்க, உள்ளயா இருக்கீங்க?"

"ஆமா. தொந்தரவு பண்ணாத, ரெண்டாவது எடத்துல இருக்கேன். அந்தக் கேண்டீன் பொம்பள முந்திக்கிட்டு போவுது."

"உடனே வெளிய வாங்க. ஒரு புள்ளைக்கு எடம் இல்ல."

"இன்னும் ரெண்டு கேள்விதான் இருக்கு, இரு லா."

"கேள்வியே உங்ககிட்ட கேட்டு எழுதுனதுதானே! உங்களுக்கு எதுக்குங்க இந்தப் போட்டி? வெளிய வாங்க!"

என் பின்னால் ஒரு சத்தம். திரும்பினேன். புவான் ரொஹானா படிவத்தால் வாயை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கணவனைத் திட்டும் தொனிக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

'ஸ்டேஷன் மாஸ்டர்' மறைந்தது. திவ்யா உள்ளே போனாள்.

அதன் பிறகு நடந்த இருபது நிமிடத்தை இன்றும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு எதிரி பக்கத்து மேசை இல்லை, பெற்றோர். சாம்பல் நிறத்தில் நின்றுபோன தத்தம் அப்பாவின் மதிப்பெண்ணைத் தாண்ட வேண்டும். 2140-க்குப் புறப்பட்ட ரயில் 0525-க்குச் சேர்ந்தால் எவ்வளவு நேரம் என்று நான் ஒரு மாதமாகத் தொண்டை கட்டச் சொல்லிக்கொடுத்த கணக்கை, விரலை மடக்கி, காற்றில் எழுதி, போட்டுத் தள்ளினார்கள். திவ்யாவின் கணினி பதின்மூன்றில் வந்து நின்றது. அப்பாவை விட ஒன்று கூட. அவள் கத்தவில்லை. பேனாவை எடுத்து உள்ளங்கையில் '13' என்று எழுதிக்கொண்டாள்.

"எதுக்கும்மா கையில எழுதுற?"

"வீட்டுக்குப் போயி தாள்ல எழுதி ஃப்ரிஜ்ல ஒட்டணும் டீச்சர். அப்பா வரப்ப நான் தூங்கிருவேன். காலைல நான் எழும்பறப்ப அவரு போயிருவாரு."

நான் வெள்ளைப் பலகையை அழிக்கப் போனேன். அதில் அழிக்க ஒன்றும் இல்லை.

பாடம் முடிந்ததும் அலுவலக அறையில் புவான் ரொஹானா தன் படிவத்தை என் பக்கம் திருப்பினார். கடைசிப் பத்தி: 'பெற்றோர் ஈடுபாடு'. "எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் வருவேன், சிக்கு. இன்றைக்கு எழுத இடம் போதவில்லை" என்றார். பின்பக்கமும் எழுதியிருந்தார். நான் கூச்சத்தோடு தலையை ஆட்டினேன். அது தவறுதலாக நடந்தது என்று சொல்ல வேண்டும் என்று மனசாட்சி சொன்னது. (படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஆகவே சொல்லவில்லை.)

அவர் அடுத்துக் கேட்டதுதான் நான் பயந்திருந்த கேள்வி. "இந்தக் கருவிக்கு எழுத்து மூலமான அனுமதி இருக்கிறதா?"

சார் கூரையைப் பார்த்தார். நான் கோப்பைத் திறந்து விண்ணப்பத்தின் மூன்றாம் பிரதியை எடுத்து வைத்தேன். விண்ணப்பித்தேன், நினைவூட்டினேன், பதில் இல்லை, பதில் இல்லாமலே பயன்படுத்தினேன், பொறுப்பு என்னுடையது என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன் என்று நேராகச் சொன்னேன். அவர் முத்திரையை நெடுநேரம் பார்த்தார். "கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று சொன்னார்களா?"

"சொல்லவில்லை, புவான்."

அவர் காதோரம் சிவந்தது. "பதில் வரும், சிக்கு" என்றார். பிறகு, இந்தப் பாடத்தை நடந்தது நடந்தபடி அறிக்கையாக எழுதி அனுப்பச் சொன்னார். திருப்பி அனுப்பும் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

கணினிகளை எடுத்துப்போக லாரி வரவில்லை. அடுத்த தவணையில், ஒன்பதும் பள்ளியின் சொத்து என்று பட்டியலில் ஏறின. ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதி ஒட்டியது நான்தான். ஐந்தாவது எண்ணை இன்றும் பிள்ளைகள் 'திவ்யா கம்ப்யூட்டர்' என்றுதான் சொல்கிறார்களாம்.

எங்கள் வீட்டில்தான் நான் தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு மகனும் மகளும் குடும்பத்தோடு வந்தால், குளியலறைக் கதவைத் தட்டுகிறவருக்கு உள்ளிருந்து வரும் பதில், 'அறை நிரம்பிவிட்டது, பின்னர் முயலவும்.' காரில் ஆறாவது ஆள் ஏற வந்தால் அதே வாசகம். நான் வைத்த மீன் குழம்பை மறுமுறை போடப் போனால் மருமகன் வயிற்றைத் தடவிக்கொண்டு அதையே சொல்கிறார். என் கணவர் மட்டும் சிரிக்க மாட்டார். 'நான் மட்டும் வெளிய வராம இருந்திருந்தா முதல் எடம் எனக்குத்தான்' என்பார். கேண்டீன் அக்காவிடம் இன்றுவரை அவருக்குப் பேச்சு வார்த்தை கொஞ்சம் குறைவுதான்.

பதில்? வந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் பதினேழாம் தேதி எனக்கு அறுபது வயது நிறைந்தது. அன்றே பணி ஓய்வு. மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், அலமாரிச் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வீட்டில் காலை நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. மரியதாஸ் சார். கையில் ஒரு பழுப்பு நிற உறை.

"உங்க பேருக்குதான் டீச்சர் வந்துருக்கு. இப்பதான் வந்துச்சி. நேர்ல கொடுத்து கையெழுத்து வாங்கணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

பிரித்தேன். இலவசப் புதிர்ப்போட்டிக் கருவியைப் பயன்படுத்த நான் செய்த விண்ணப்பம் அங்கீகரிக்கப்படுகிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: பயன்படுத்தும் முன்னர், இணைப்பில் உள்ள முன்மாதிரிப் பாடத்தைக் கவனமாகப் படித்து, அதைப் பின்பற்ற வேண்டும். இணைப்பைப் புரட்டினேன். மூன்று பக்கம். நான் எழுதிய அறிக்கை. பள்ளியின் பெயர், பெற்றோர், தேநீர் இடைவேளை, பன்னிரண்டு பேர் என்று எல்லாம் இருந்தது. ஒரே ஒரு வரியை மட்டும், 'ஸ்டேஷன் மாஸ்டர்' பற்றியதை, யாரோ நல்ல மனது உள்ளவர் நீக்கியிருந்தார். கையொப்பம்: ரொஹானா.

என் கணவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னையத் தூக்கிட்டாங்களா?" என்றார்.

சார் பேனாவை நீட்டினார். உறையோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பெறுநர் பெயர், கையொப்பம், பெற்றுக்கொண்ட தேதி. கட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

நிரப்பினேன்: ஜூன் பதினெட்டு.